பழைய ஆபீஸ் கணினியின் புரோசசர் சூட்டைக் குறைப்பது: வாங்கும் முன் எதை அளக்க வேண்டும், எப்படி மாற்ற வேண்டும்

சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் கடைகளிலும் கரோசெல் விற்பனைத் தளத்திலும் மலிவாகக் கிடைக்கும் பழைய கணினிகளில் கணிசமானவை அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வகையறாதான். கொஞ்சம் மெமரி கூட்டி ஓர் எஸ்எஸ்டி போட்டுவிட்டால், பிள்ளைகளின் பாடத்துக்கும் வீட்டு வேலைக்கும் இன்னும் சில ஆண்டுகள் தாராளமாக ஓடும். ஆனால் அது அதுவரை ஓடியது நாள் முழுக்க ஏர்கான் போட்ட அறையில். இப்போது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்தில், பிற்பகல் 31, 32 டிகிரி வெக்கையில் ஓட வேண்டும். 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது நினைவிருக்கும். அந்த மாதிரி நாளில் புரோசசரைக் குளிர்விக்கும் பழைய கூலர் மூச்சு வாங்குவதில் வியப்பில்லை.

சூடு ஏறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெட்டி வரும்போது உள்ளே கோர் ஐ3 4130 புரோசசர் இருந்திருக்கும்; சுமையில் அது வெளியிடும் வெப்பம் 54 வாட். வாங்கியவர் பழைய ஐ7 4790 ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டியிருப்பார். அது 84 வாட். சில்லு, அதாவது புரோசசர், மாறியது; அதன் வெப்பத்தை இழுத்து வெளியேற்ற 54 வாட்டுக்குப் போட்ட சின்ன அலுமினிய ஹீட்சிங்க் மாறவில்லை. அப்புறம் ஃபேன் கத்துகிறது, விளையாட்டு திக்குகிறது என்றால் குறை எங்கே என்று தேட வேண்டியதே இல்லை.

கடைக்குப் போகும் முன் அளக்க வேண்டும். பிராண்டட் பெட்டிகளில் கூலர் மாற்றுவது, உதிரிகளை வாங்கி நாமே கோத்த கணினியில் மாற்றுவது போல் அல்ல. துளை, ஸ்க்ரூ, உயரம், ஃபேன் இணைப்பு என்று நான்கு இடங்களில் தடுக்கும். இந்த நான்கில் ஒன்றைப் பார்க்காமல் விட்டால் வாங்கிய கூலர் அலமாரியில்தான் இருக்கும்.

முதலில் சூட்டை எண்ணாகப் பார்ப்பது

ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கி, சென்சார் திரையைத் திறந்து வையுங்கள். பக்கத்தில் ஒரு சாதாரண அறை வெப்பமானி இருக்கட்டும். புரோசசரைச் சோதிக்கும் மென்பொருளான சினிபெஞ்சில் எல்லாக் கோர்களுக்கும் வேலை கொடுக்கும் சோதனையை 20, 30 நிமிடம் தொடர்ந்து ஓட விடுங்கள். ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் கிடைக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. ஹீட்சிங்க்கும் பெட்டிக்குள் இருக்கும் காற்றும் சூடேறி ஒரு நிலைக்கு வரவே கால் மணி நேரம் பிடிக்கும். பிரைம்95 என்ற இன்னொரு சோதனை மென்பொருளையும் ஓட்டலாம், ஆனால் நான்காம் தலைமுறை முதல் வந்த இன்டெல் சில்லுகளில் அதன் மிகக் கடுமையான சோதனை அன்றாட வேலை எதுவும் இழுக்காத அளவுக்கு மின்சாரம் இழுக்கும். அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

குறித்துக்கொள்ள வேண்டியவை மூன்று: உச்ச வெப்பம், அந்த நேரத்து அறை வெப்பம், புரோசசர் ஓடிய கிகாஹெர்ட்ஸ். முதல் இரண்டின் வித்தியாசம்தான் கூலரின் உண்மையான மதிப்பெண். காற்றால் குளிரும் எந்தக் கூலரும் சில்லை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது. அறை 24 டிகிரியில் இருக்கும்போது 76 காட்டிய கணினி, அறை 31க்கு வந்தால் 83 காட்டும். வித்தியாசம் இரண்டிலும் 52தான். வெளிநாட்டு யூடியூபர் ஒருவர் 65 டிகிரி காட்டினார், எனக்கு ஏன் 77 என்று குழம்புவோர் முதலில் அவர் அறையின் வெப்பத்தைக் கேட்க வேண்டும்.

கைக்கணக்கு இது. 65 முதல் 84 வாட் சில்லில், முழுச் சுமையில் வித்தியாசம் 50க்குள் இருந்தால் கூலரைத் தொட வேண்டாம். 50 முதல் 60 என்றால் சுத்தம் செய்து, சில்லுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். 60ஐத் தாண்டினாலோ, ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் தெர்மல் திராட்லிங் என்ற வரியில் ஆம் என்று காட்டினாலோ வேலை இருக்கிறது. இந்தத் தலைமுறை இன்டெல் சில்லுகள் ஏறக்குறைய 100 டிகிரியைத் தொட்டதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். 3.6 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது 2.8க்கு இறங்கி நிற்பதைத் திரையிலேயே பார்க்கலாம்.

சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றுவது: இதைத் தாண்டிப் போகாதீர்கள்

பத்தாண்டுப் பழைய பெட்டியின் ஃபேனைக் கழற்றிப் பார்த்தால், ஹீட்சிங்க் தகடுகளின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி படர்ந்திருக்கும். நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் முழுசாக ஒரு பாய் போல எழுந்து வரும். நம் வீடுகளில் அது வெறும் தூசி மட்டுமில்லை. தாளிப்பின் எண்ணெய்ப் பிசுக்கு, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுபத்திச் சாம்பல், சீனர்களின் ஏழாம் மாதத்தில் கீழே தாள் எரிக்கும்போது மேலே பறந்து வரும் கரி எல்லாம் அதில் ஒட்டியிருக்கும். அதனால் வெறும் காற்றை ஊதினால் மேலே இருப்பது போகும், தகடுகளின் நடுவே ஒட்டியது போகாது.

ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுழல விட்டால் பேரிங் கெடும். ஃபேன் மோட்டாரே சிறு ஜெனரேட்டராகி மதர்போர்டுக்குள் மின்சாரத்தைத் தள்ளவும் வாய்ப்புண்டு. எண்ணெய் ஒட்டிய ஹீட்சிங்க்கை ஃபேனிலிருந்து தனியாகப் பிரித்து, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு, பழைய டூத்பிரஷால் தேய்த்துக் கழுவலாம். செம்புக் குழாய் இருந்தாலும் பரவாயில்லை, அது மூடி அடைக்கப்பட்டது. நம் ஊர் ஈரக்காற்றில் அது தானாக உலரும் என்று நம்பி இரண்டு மணி நேரத்தில் மாட்டிவிடாதீர்கள். மேசை ஃபேனுக்கு முன்னால் ஒரு நாள் முழுக்க வையுங்கள்.

பழைய பேஸ்ட் சுண்ணாம்பு போல் காய்ந்து உதிரும். காபி ஃபில்டர் தாளையோ நூல் உதிராத துணியையோ ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்துத் துடைத்தால் வந்துவிடும். 99 சதவீதம் சிறந்தது, மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதமும் போதும், ஆனால் அதில் நீர் கூடுதல் என்பதால் நன்றாகக் காய விட வேண்டும். ஆணி, கத்தி எதையும் கொண்டு சுரண்ட வேண்டாம்.

இதை முடித்து மறுபடியும் அதே 30 நிமிடச் சோதனையை ஓட்டுங்கள். வித்தியாசம் 50க்குள் வந்துவிட்டால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். புதுக் கூலருக்கான வெள்ளியை வைத்து மெமரி வாங்கலாம்.

மூன்றாம், நான்காம் தலைமுறை சில்லுகளைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் தலைமுறை ஐ5, ஐ7களில் சில்லுக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவே இன்டெல் உலோகப் பற்றாசு (சால்டர்) வைத்தது. மூன்றாம் தலைமுறையில் அதை விட்டுவிட்டுச் சாதாரண பேஸ்ட்டை வைத்தது. அதனால் 3770, 4790 போன்றவற்றில் மூடிக்கு மேலே எவ்வளவு பெரிய கூலரை வைத்தாலும் ஓர் எல்லைக்குப் பிறகு பலன் இல்லை. வெப்பம் மூடிக்குக் கீழேயே சிக்கிக்கொள்கிறது. 80 வெள்ளிக் கூலருக்கும் 40 வெள்ளிக் கூலருக்கும் இந்தச் சில்லுகளில் மூன்று நான்கு டிகிரிதான் வித்தியாசம் வரும். நடுத்தரத்தில் வாங்குங்கள்.

அளக்க வேண்டிய நான்கு

துளைகள். புரோசசர் உட்காரும் சாக்கெட்டைச் சுற்றி மதர்போர்டில் நான்கு துளைகள் சதுரமாக இருக்கும். இரண்டு பக்கத்துத் துளைகளின் மையத்திலிருந்து மையம் வரை அளந்து பாருங்கள். 75 மி.மீ. என்றால் இன்டெல் சாக்கெட் வகைகளான எல்ஜிஏ 1155, 1150, 1151, 1200 எல்லாவற்றுக்குமான கூலர் பொருந்தும். கோர் ஐ வரிசையின் இரண்டாம் தலைமுறை முதல் பதினொன்றாம் தலைமுறை வரை சாதாரண டெஸ்க்டாப்கள் இதற்குள் அடங்கும். கோர் 2 காலத்து எல்ஜிஏ 775 என்றால் 72 மி.மீ., பன்னிரண்டாம் தலைமுறை எல்ஜிஏ 1700 என்றால் 78 மி.மீ. மூன்று மில்லிமீட்டர்தானே, இழுத்து மாட்டிவிடலாம் என்று நினைத்தால் போர்டு வளையும்.

ஸ்க்ரூ எதில் இறங்குகிறது என்பது. அதிகம் பேரைக் கவிழ்ப்பது இதுதான். கடையில் விற்கும் மதர்போர்டில் கூலரின் ஸ்க்ரூ போர்டுக்குப் பின்னாலிருக்கும் பின்தகட்டில் இறங்கும். பல டெல், எச்பி மாதிரிகளில் பின்தகடே கிடையாது. ஸ்க்ரூ போர்டைத் துளைத்துச் சென்று நேராகப் பெட்டியின் தகட்டில் எழுப்பியிருக்கும் மரைத்தூணில் இறங்குகிறது. அந்தத் தூண்கள் பெட்டியோடு சேர்ந்தவை. புதுக் கூலரின் பின்தகட்டை வைக்கப் போனால் அவை குறுக்கே நிற்கும். கண்டுபிடிக்கும் வழி எளிது. பெட்டியின் மறுபக்க மூடியைக் கழற்றி, புரோசசருக்கு நேர் பின்னால் பாருங்கள். தகட்டில் பெரிய சதுர வெட்டு இருந்து, அதன் வழியே கறுப்புப் பின்தகடு தெரிந்தால் நிம்மதி. வெட்டே இல்லாமல் மூடிய தகடாக இருந்தால், பழைய ஹீட்சிங்க்கின் நான்கு ஸ்க்ரூக்களையும் தளர்த்திப் பாருங்கள். போர்டு அசையாமல் இருக்க, ஸ்க்ரூக்கள் மட்டும் பெட்டியிலிருந்து விடுபட்டால் தூண் வகைதான்.

தூண் வகை என்றால் நல்ல வழி ஒன்று இருக்கிறது. அதே நிறுவனம், அதே பெட்டி அளவில், கூடுதல் வாட் சில்லோடு விற்ற மாதிரியின் ஹீட்சிங்க்கைத் தேடுங்கள். ஐ3க்குத் தட்டை அலுமினியம் போட்டவர்களே ஐ7க்கும் வொர்க்ஸ்டேஷன் சில்லுக்கும் செம்பு அடிப்பாகமோ வெப்பக் குழாயோ வைத்த ஹீட்சிங்க் போட்டிருப்பார்கள். ஹீட்சிங்க்கின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் பாகத்தின் எண் இருக்கும். அதைப் படம் பிடித்துக்கொண்டு கரோசெல்லிலோ ஷோப்பியிலோ தேடினால் பழையது மலிவாக வரும். துளையும் மரையும் ஃபேன் இணைப்பும் தானாகப் பொருந்தும். பெட்டியின் தூண்களை அறுத்தெறிந்து பின்தகடு வைக்கும் வீடியோக்கள் ஏராளம். இரும்புத் துகள் ஒன்று போர்டின் அடியில் தங்கினாலே போதும், எல்லாம் வீண். செய்யாதீர்கள்.

உயரம். பக்க மூடியைக் கழற்றி, பெட்டியின் இரு விளிம்புகளின் மேலும் நேரான ஓர் அளவுகோலைக் குறுக்கே வையுங்கள். இன்னொரு அளவுகோலால் அங்கிருந்து புரோசசரின் உலோக மூடி வரை அளங்கள். மூடித் தகடு உள்ளே அமிழ்ந்து உட்காரும் வகை என்றால் அந்த ஆழத்தைக் கழியுங்கள். ஹீட்சிங்க்கைக் கழற்றாமல் அளக்க வேண்டுமானால் போர்டின் மேற்பரப்பு வரை அளந்து 8 மி.மீ. கழித்தால் ஏறக்குறைய சரியாக வரும். பெட்டியின் வெளி அகலத்தை நம்பி வாங்குவது தவறு. 175 மி.மீ. அகல டவர் பெட்டியில் தகடு, தூண், போர்டு, சாக்கெட் என்று 20 மி.மீ. அளவு போய்விடும். ஹைப்பர் 212 போன்ற டவர் கூலர்கள் ஏறக்குறைய 159 மி.மீ. உயரம், அந்தப் பெட்டியில் அது சூதாட்டம். நொக்டுவா என்எச்-யு9எஸ் 125 மி.மீ.தான், நிம்மதியாக உட்காரும். 92 மி.மீ. ஃபேன் வைத்த மற்ற டவர் கூலர்களும் பெரும்பாலும் 140க்குள் அடங்கும். எதுவானாலும் மேலே 5 மி.மீ. இடம் விடுங்கள். மேலிருந்து கீழே ஊதும் தட்டைக் கூலர் என்றால், பக்க மூடியில் துளைகள் இருந்தால் ஒழிய 15 மி.மீ.யாவது வேண்டும், இல்லாவிட்டால் ஃபேன் இழுக்கக் காற்றே இருக்காது. மெமரி ஸ்லாட்டுக்கும் கூலருக்கும் இடைவெளி எவ்வளவு என்பதையும் அதே கையோடு பாருங்கள்.

ஃபேன் இணைப்பு. சாதாரண 4 பின் (முனை) ஃபேனில் வரிசை எல்லா இடத்திலும் ஒன்றுதான்: எர்த், 12 வோல்ட், வேகத்தைச் சொல்லும் கம்பி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம் கம்பி. டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010, 9020 போன்றவற்றில் புரோசசர் ஃபேனுக்கு 5 பின் சிறு இணைப்பு இருக்கும். அதில் பின்களின் வரிசையும் சாதாரண ஃபேனுடையதே என்று நம்பக் கூடாது. 5 பின்னிலிருந்து 4 பின்னுக்கு மாற்றும் குட்டி வயர் ஆன்லைனில் விற்கிறது. கூலரோடு சேர்த்து வாங்கிவிடுங்கள், தனியாக வரக் காத்திருந்தால் பெட்டி இரண்டு வாரம் திறந்து கிடக்கும். பழைய ஃபேனின் வாலை வெட்டிப் புது ஃபேனில் பற்ற வைப்பதும் ஒரு வழி. ஆனால் கம்பி நிறத்தைப் பார்த்து இணைத்தால் 12 வோல்ட் வேகக் கம்பியில் போய், போர்டு எரியும். மல்டிமீட்டர் பழக்கம் உள்ளவர்கள் மட்டும் செய்யலாம். மல்டிமீட்டர், சுருங்கும் டியூப் எல்லாம் சிம் லிம் டவரில் கிடைக்கும். சிம் லிம் ஸ்குவேர் அல்ல, பக்கத்துக் கட்டடம். தேக்காவிலிருந்து நடக்கும் தூரம்தான்.

வாங்க வேண்டியவை

கூலர் தவிர, 4 கிராம் தெர்மல் பேஸ்ட் ஒன்று போதும், பல கணினிக்கு வரும். ஆர்க்டிக் எம்எக்ஸ்-4, எம்எக்ஸ்-6, நொக்டுவா என்டி-எச்1 மூன்றுமே நல்லவை. அவற்றுக்கிடையே டிகிரிக் கணக்குப் பார்த்து அலைய வேண்டாம். திரவ உலோகம் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள காலியம் அலுமினிய ஹீட்சிங்க்கை அரித்துவிடும், வழிந்தால் போர்டில் ஷார்ட் ஆகும். ஐசோப்ரோபைல் ஆல்கஹால், நீளமான பிலிப்ஸ் எண் 2 ஸ்க்ரூடிரைவர், சிறு டார்ச் இருந்தால் சரி. சில பிராண்டட் பெட்டிகளின் ஸ்க்ரூக்கள் நட்சத்திர வடிவத்தில் இருக்கும், டி15 முனை வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வரவழைப்பவர்கள் விலையை ஒப்பிடும்போது ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 2023 முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் அது உண்டு, 2024 முதல் 9 சதவீதம்.

மாற்றும் வேலை

கணினியைப் பத்து நிமிடம் ஏதாவது வேலையில் ஓட விட்டு, பிறகு அணையுங்கள். பேஸ்ட் இளகியிருந்தால் ஹீட்சிங்க் எளிதாக வரும். சுவரில் பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தைத் தீர்த்துவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் நிலை மின்சாரம் குறைவு என்பது உண்மைதான், ஆனால் ஏர்கான் போட்ட அறையில் காற்று உலர்ந்துவிடும். அவ்வப்போது பெட்டியின் வெறும் உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வயரையும் பிடுங்கும் முன் போனில் நான்கைந்து படம் எடுங்கள். குறிப்பாக முன்பக்கப் பட்டன் வயரும், பவர் சப்ளை இணைப்பும். ஆப்டிபிளெக்ஸ் 9020இல் போர்டுக்குப் போகும் முதன்மைப் பவர் 24 பின் அல்ல, 8 பின். தெரியாமல் அதை வேறு 8 பின்னோடு குழப்பிக்கொள்வது எளிது.

ஹீட்சிங்க்கின் நான்கு ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலை, ஒவ்வொன்றாக இரண்டு சுற்று தளர்த்துங்கள். ஒரு பக்கத்தை முழுதும் கழற்றிவிட்டு மறுபக்கம் போனால் சில்லின் மேல் சாய்வாக அழுத்தம் விழும். கழன்றதும் நேராகத் தூக்காமல், கடிகார முள் போல் இப்படியும் அப்படியும் கொஞ்சம் திருகி எடுங்கள். இன்டெல் எல்ஜிஏவில் சில்லு கொக்கியில் பூட்டியிருப்பதால் பயமில்லை. ஏஎம்டி ஏஎம்4, ஏஎம்3 என்றால் இந்தத் திருகல் கட்டாயம். இல்லாவிட்டால் பூட்டியிருக்கும் சில்லே ஹீட்சிங்க்கோடு பிய்த்துக்கொண்டு வந்து கால்கள் வளைந்துவிடும்.

பின்தகடு வைக்க வேண்டிய கூலர், பெட்டியிலும் வெட்டு இல்லை என்றால் போர்டையே வெளியே எடுக்க வேண்டும். எஸ்எஸ்டி, மெமரி, கிராபிக்ஸ் அட்டை எல்லாம் கழற்றி, போர்டின் ஸ்க்ரூக்களை எண்ணிக் கிண்ணத்தில் போட்டு வையுங்கள். ஒன்று குறைந்தால் அது பெட்டிக்குள்தான் எங்கோ கிடக்கிறது. பின்தகட்டைப் பொருத்தும்போது, சாக்கெட்டின் சொந்த ஸ்க்ரூ தலைகள் அதன் வெட்டுகளுக்குள் சரியாக உட்காருகின்றனவா, காப்புத் தாள் போர்டுப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சில்லின் மேல்மூடியைத் துடைத்து உலர்த்திய பிறகு நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட், 4, 5 மி.மீ. அகலம். பரப்பத் தேவையில்லை, கூலரை இறக்கும்போது அழுத்தத்தில் தானே பரவும். புதுக் கூலரின் அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டீர்களா என்று வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். அதை மறந்து மாட்டுவோர் கொஞ்சநஞ்சமில்லை. அடியில் ஏற்கெனவே பேஸ்ட் தடவி வந்த கூலர் என்றால் நம் பேஸ்ட்டைச் சேர்க்க வேண்டாம்.

கூலரை நேராக இறக்கி, ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலை இரண்டிரண்டு சுற்றாக இறுக்குங்கள். ஸ்பிரிங் வைத்த ஸ்க்ரூ ஓரிடத்தில் தானாக நின்றுவிடும். அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் இறுக்கினால் குளிர்ச்சி கூடாது, போர்டு வளையும். அளவுக்கு மீறி இறுக்கியதன் முதல் அடையாளம் வெப்பமல்ல, மெமரி. இரண்டு குச்சி போட்டிருக்க ஒன்று மட்டும் தெரிகிறது என்றால், மெமரியைக் குறை சொல்லும் முன் கூலர் ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்திப் பாருங்கள். இன்டெல்லின் நான்கு கால் பிளாஸ்டிக் பின் வகை என்றால், எதிர்மூலைகளை ஒரே நேரத்தில் அழுத்தி, நான்கும் 'டிக்' என்று சொல்லும் வரை விடாதீர்கள். போர்டின் பின்பக்கம் டார்ச் அடித்து, வெள்ளை நுனிகள் விரிந்து நடுவே கறுப்பு முள் வெளியே வந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஒரே நிச்சயம்.

ஃபேன் எந்தப் பக்கம் ஊதுகிறது என்பதற்கு அம்புக்குறி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நடுவில் மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். டவர் கூலர் என்றால் காற்று பெட்டியின் பின்பக்க ஃபேனை நோக்கிப் போக வேண்டும். பழைய பெட்டியில் முன் ஃபேனிலிருந்து ஹீட்சிங்க் வரை பிளாஸ்டிக் கூண்டு ஒன்று இருந்து, புதுக் கூலருக்கு அது பொருந்தவில்லை என்றால், மாற்றுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். அந்தக் கூண்டு வெளிக்காற்றை நேராகச் சில்லுக்குக் கொண்டுவருகிறது. அதை எடுத்துவிட்டால் பெரிய கூலரும் பெட்டிக்குள் ஏற்கெனவே சூடான காற்றைத்தான் சுற்றிச் சுற்றி ஊதும்.

முதல் முறை ஏற்றும்போது

பக்க மூடியைப் போடாமல் ஏற்றி, ஃபேன் சுழல்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு, தொடக்க அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் வெப்பத்தைப் பாருங்கள். முன்பு ஓட்டிய அதே சினிபெஞ்ச் சோதனையைப் பிறகு மூடியைப் போட்டு ஓட்டுங்கள். மூடி இல்லாத எண் பயன்படாது.

எண் சரியில்லை என்றால் அது ஏறும் விதமே காரணத்தைச் சொல்லும். சோதனையைத் தொடங்கிய ஐந்து வினாடிக்குள் 95க்குத் தாவினால், கூலர் சில்லைத் தொடவில்லை: பிளாஸ்டிக் தாள், மாட்டாத பின், சாய்ந்த ஸ்க்ரூ மூன்றில் ஒன்று. பிரித்துப் பார்த்தால் பேஸ்ட் ஒரு பக்கம் மட்டும் அப்பியிருக்கும், மறுபக்கம் போட்டபடியே இருக்கும். மாறாக, முதல் ஐந்து நிமிடம் நன்றாக இருந்து, பிறகு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஏறிக்கொண்டே போனால் கூலரில் பழுதில்லை. பெட்டிக்குள்ளிருந்து காற்று வெளியேறவில்லை. பக்க மூடியைக் கழற்றியதும் ஏழெட்டு டிகிரி இறங்கினால் இது உறுதி. அப்போது பின்பக்க 80 அல்லது 92 மி.மீ. ஃபேனைச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டும். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பதும் மேசைக்கடியில் இருக்கும் மூடிய அறையிலிருந்து வெளியே எடுப்பதும் செலவில்லாத மருந்து. கோர்களுக்கிடையே ஐந்தாறு டிகிரி வித்தியாசம் இருப்பது இயல்பு.

ஏற்றும்போதே டெல்லில் 'ப்ரீவியஸ் ஃபேன் ஃபெயிலியர்' என்றோ, எச்பியில் ஃபேன் கிடைக்கவில்லை என்றோ திரை நின்றால், போர்டு எதிர்பார்க்கும் சுழற்சி எண் வரவில்லை என்று பொருள். வேகக் கம்பி இணையவில்லை, அல்லது புது ஃபேன் மிகவும் மெதுவாகச் சுழல்வதைப் போர்டு பழுது என்று எடுத்துக்கொள்கிறது. 3 பின் ஃபேன் போட்டவர்களுக்கு வேறு தொல்லை: கட்டுப்படுத்தும் கம்பி இல்லாததால் அது எப்போதும் முழு வேகத்தில் கத்தும். எச்பியின் பயாஸில் ஓய்வு நேர ஃபேன் வேகத்தை உயர்த்தும் சறுக்குப் பட்டை பெரும்பாலும் இருக்கும். அதைக் கொஞ்சம் கூட்டினால் சத்தம் சிறிது கூடி, வெப்பம் ஏறி இறங்குவது அடங்கும்.

ஒல்லிப் பெட்டிக்காரர்களுக்கு

93 மி.மீ. அளவே அகலம் உள்ள எஸ்எஃப்எஃப் (சிறு வடிவ) பெட்டிகளில் கூலர் மாற்றுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நொக்டுவா என்எச்-எல்9ஐ 37 மி.மீ. உயரம், தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47 47 மி.மீ. உயரம், இரண்டும் நல்ல கூலர்கள்தாம். ஆனால் இந்தப் பெட்டிகளில் பவர் சப்ளையோ டிரைவ் தட்டோ மேலே வந்து படுக்கும், ஸ்க்ரூவும் தூண் வகையாகவே இருக்கும். சுத்தம், புதுப் பேஸ்ட், அதே நிறுவனத்தின் கனமான ஹீட்சிங்க், இதோடு நிறுத்துங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் புரோசசரின் உச்ச நிலையை 100இலிருந்து 99 சதவீதம் ஆக்குங்கள். இந்தத் தலைமுறைச் சில்லுகளில், வேகத்தைத் தானாகக் கூட்டும் டர்போ நின்றுவிடும். ஐ7 4790 என்றால் 4.0 வரை தாவாமல் 3.6இல் நிற்கும். பள்ளிப் பாடம், பேங்க் வேலை, காணொளி எதிலும் அந்த வித்தியாசம் தெரியாது, பத்து டிகிரி வரை இறங்கும். 65 வாட் சில்லுக்கு மாறுவது இன்னொரு வழி.

கழற்றிய பழைய ஹீட்சிங்க்கை அதன் ஸ்க்ரூக்களோடு ஒரு ஸிப் பையில் போட்டு, எந்தக் கணினியினுடையது என்று எழுதி வையுங்கள். தூண் வகை ஸ்க்ரூவின் மரை அளவு கடையில் எளிதில் கிடைக்காது. கணினியை விற்கும்போதோ போர்டைச் சோதிக்கும்போதோ அது வேண்டியிருக்கும். கணினியே போன பிறகு அலுமினியத்தைப் பழைய பொருள் வாங்கும் காராங் குனிக்காரரிடம் கொடுக்கலாம். போர்டும் பவர் சப்ளையும் புளோக் குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது, மின்கழிவுக்கு என்று வைத்திருக்கும் தொட்டியில் சேருங்கள். புதுப் பேஸ்ட் போட்ட தேதியைப் பெட்டியின் உள்பக்கம் ஒரு மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டிவிட்டால், இரண்டு ஆண்டு கழித்து எண்கள் மறுபடி ஏறும்போது எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டியிருக்காது.